தபாலில் வரும் புத்தகம்: புக் கிளப்பில் சேரலாமா, வேண்டாமா?



1990களில் இலண்டனுக்கு வந்து சேர்ந்த எங்களில் பலருக்கு அந்த வண்ணத்தாள் ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்தால் நடுவிலிருந்து கீழே விழும். "நான்கு புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஒரு பவுண் மட்டுமே" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அகராதி, உலகப்படம், பிள்ளைகளுக்கான கலைக்களஞ்சியம், சமையற் புத்தகம் என்று எல்லாம் படத்தோடு இருக்கும். பெயரையும் விலாசத்தையும் நிரப்பி, கையொப்பமிட்டு, முத்திரை ஒட்டாமலே தபாற்பெட்டியில் போடலாம்.

இன்று அந்தத் தாள் அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால் அதே அழைப்பு இப்போது தொலைபேசித் திரையில் வருகிறது. "உங்கள் பிள்ளைக்கு மாதம் ஒரு புத்தகப் பெட்டி, முதற் பெட்டி பாதி விலை" என்கிறார்கள். இதில் சேரலாமா என்று இளம் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அதனால் தபால்வழி வரும் புக் கிளப் என்பது எப்படி நடக்கிறது, அதில் நன்மை என்ன, தீமை என்ன என்பதை இம்மாதப் பேச்சில் ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அந்தத் தாளை நிரப்பியவன்தான். நான் எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை, மனைவிக்கு அதிகாலையில் துப்புரவு வேலை. வீட்டில் தமிழ்ப் பஞ்சாங்கத்தைத் தவிர வேறு புத்தகம் இல்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற ஆசையில் நான்கு புத்தகங்களுக்கு எழுதிப் போட்டேன். பத்து நாளில் பெட்டி வந்தது. அன்று மகனும் மகளும் தரையில் படுத்துக்கொண்டு உலகப்படத்தில் யாழ்ப்பாணத்தைத் தேடியதை இன்றும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு மாதாமாதம் ஒரு சிறு சஞ்சிகையும் ஒரு அட்டையும் வந்தன. விளம்பரம் என்று நினைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டோம். பிறகு கேட்காமலே புத்தகங்கள் வரத் தொடங்கின. மூன்றாம் மாடியில் பல்கனிகூட இல்லாத எங்கள் வீட்டுக்குத் தோட்டம் வைப்பது பற்றி ஒரு தடித்த புத்தகம் வந்தது. அடுத்து விலைச்சீட்டு வந்தது, நினைவூட்டற் கடிதம் வந்தது, கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு கடிதம். விசா விடயம் இன்னும் முடியாமல் இருந்த காலம். அந்தக் கடிதத்தைப் பார்த்து, இது உள்துறை அமைச்சிலிருந்து வந்ததோ என்று மனைவி நடுங்கிப்போனார். பத்து வயது மகன்தான் எழுத்துக்கூட்டி வாசித்து, "அப்பா, இது புத்தகக் காசு" என்றான்.

அந்த நிறுவனம் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விதிகள் தாளின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தன. நாங்கள் அதை வாசிக்காமல் கையொப்பமிட்டோம். காசை முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் அந்த விதிகளை ஆறுதலாக இருந்து வாசித்தேன்.

மௌனம் சம்மதம்

புக் கிளப்பின் முழு வியாபாரமும் ஒரே விதியில் தங்கியிருக்கிறது. "வேண்டாம்" என்று நீங்கள் சொல்லாவிட்டால் "வேண்டும்" என்று எடுத்துக்கொள்வார்கள். மாதாமாதம் வரும் அந்த அட்டை விளம்பரமல்ல. அந்த மாதத்துப் புத்தகம் வேண்டாம் என்று சொல்வதற்கு இருக்கும் ஒரே வழி அதுதான். குறித்த திகதிக்குள் அது திரும்பிப் போகாவிட்டால் புத்தகம் புறப்பட்டுவிடும்.

இந்த முறை பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டு விளம்பரத் தொழிலில் இருந்த ஹரி ஷெர்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 'புக் ஒவ் த மந்த் கிளப்' என்பதைத் தொடங்கினார்கள். புத்தகக்கடை இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு, வாசிப்பில் தேர்ந்த நடுவர் குழு ஒன்று மாதம் ஒரு நல்ல புத்தகத்தைத் தெரிந்து அனுப்புவது அவர்களின் திட்டம். முதலில் புத்தகத்தை நேரே அனுப்பினார்கள். பிடிக்காதவர்கள் திருப்பி அனுப்பலாம். திரும்பி வந்த புத்தகங்கள் குவிந்தன. ஆகவே, புத்தகத்துக்கு முன்னரே அறிவித்தல் அனுப்பி, வேண்டாதவர் மட்டும் எழுதட்டும் என்று முறையை மாற்றினார்கள். கடிதம் எழுதப் பஞ்சிப்படுவது மனித இயல்பு. அந்தப் பஞ்சியே வியாபாரத்தின் தூணாகிவிட்டது. இதனால் முறைப்பாடுகள் பெருகி, பதில் சொல்ல அங்கத்தவருக்குக் குறைந்தது 10 நாட்களாவது கொடுக்க வேண்டும் என்று 1973இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு விதி செய்ய வேண்டி வந்தது.

பிரித்தானியாவிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1936இல் விக்டர் கொலான்ஸ் என்ற பதிப்பாளர் 'லெஃப்ற் புக் கிளப்' தொடங்கினார். மாதம் இரண்டரை ஷில்லிங்குக்கு ஒரு புத்தகம். ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர் சேர்ந்தார்கள். ஜோர்ஜ் ஓவலின் 'த றோட் ரு விகன் பியர்' 1937இல் அந்தக் கிளப்பின் புத்தகமாகத்தான் அதன் அங்கத்தவரிடம் போனது. புத்தகத்தை வாங்கியதோடு நிற்காமல் நாடெங்கும் ஊருக்கு ஊர் கூடி அதைப் பற்றிக் கதைத்தார்கள். அது 1948இல் மூடப்பட்டது.

எங்கள் மொழியிலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1960களின் நடுப்பகுதியில் சென்னையில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 'வாசகர் வட்டம்' என்ற பதிப்பகத்தை நடத்தினார். முன்கூட்டியே சந்தா கட்டியவர்களுக்குத் தேர்ந்த நூல்களை நல்ல அச்சில் கொடுப்பது அதன் வழி. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' அங்கிருந்து வந்ததுதான். இலங்கை, மலேசியத் தமிழ் எழுத்துகளைத் தொகுத்து 'அக்கரை இலக்கியம்' என்ற நூலையும் அவர்கள் 1968இல் வெளியிட்டார்கள். கடைக்காரர் எதை விற்பார் என்று பார்க்காமல் வாசகரின் சந்தாவை நம்பினால் இப்படிப்பட்ட நூல்களும் வெளிவர முடியும்.

நன்மைகள்

ஆகவே புக் கிளப் என்றாலே ஏமாற்று என்று சொல்வது நியாயமல்ல.

முதலாவது, புத்தகம் வீட்டு வாசலுக்கு வருகிறது. இரண்டு வேலை செய்பவருக்கும், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும், புத்தகக்கடை இல்லாத சிறு நகரத்தில் இருப்பவருக்கும் இது பெரிய உதவி.

இரண்டாவது, தெரிவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த ஆங்கிலப் புத்தகம் பொருந்தும் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. நாங்கள் 'அம்புலிமாமா' வாசித்து வளர்ந்தவர்கள். விடயம் தெரிந்த ஒருவர் வயதுக்கேற்பத் தெரிந்து அனுப்பினால் அதற்குப் பெறுமதி உண்டு.

மூன்றாவது, ஒழுங்கு. மாதம் ஒரு புத்தகம் என்றால் வருடத்தில் பன்னிரண்டு. தன் பெயர் எழுதிய பொதி தபாலில் வருவது பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம். எங்கள் வீடுகளுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பயம் தருபவை. அவற்றின் நடுவே பிள்ளை ஆவலோடு காத்திருக்கும் ஒரு பொதி வருவது சின்ன விடயமல்ல.

நான்காவது, விலை. ஆனால் இதில் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் பிரித்தானியாவில் பதிப்பாளர் குறித்த விலைக்குக் குறைவாகக் கடைகள் விற்க முடியாது. 1900ஆம் ஆண்டிலிருந்து அப்படி ஓர் உடன்பாடு இருந்தது. கிளப்புகளுக்கு விலக்கு இருந்தபடியால் அவற்றின் மலிவு உண்மையான மலிவு. 1995இல் அந்த உடன்பாடு உடைந்தது. 1997இல் நீதிமன்றமும் அது பொதுநலனுக்கு ஏற்றதல்ல என்று தீர்ப்பளித்தது. பிறகு சுப்பர்மார்க்கெற்றுகள் விலையைக் குறைத்தன, 1998இல் அமேசனும் இங்கே கடை விரித்தது. பழைய பெரிய கிளப்புகள் இங்கே தேய்ந்து மறைந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே "கடை விலையில் பாதி" என்று யாராவது சொன்னால், அட்டையின் பின்னால் அச்சிட்ட விலையில் பாதியா, கடையில் உண்மையாக விற்கும் விலையில் பாதியா என்று கேளுங்கள்.

தீமைகள்

முதற் தீமை, கட்டாயம். சீட்டுக் கட்டிய எவருக்கும் இது விளங்கும். முதற் சீட்டை எடுத்தவர் கையில் காசு வந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால் கடைசிச் சீட்டு வரை கட்டியே ஆகவேண்டும். ஒரு பவுணுக்கு வந்த நான்கு புத்தகங்களும் அப்படித்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இது உதாரணத்துக்கு மட்டும். சேரும்போது நான்கு புத்தகங்கள் 4 பவுண், தபாற்செலவு 3 பவுண், மொத்தம் 7. பிறகு இரண்டு வருடத்தில் இன்னும் ஆறு புத்தகங்கள் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒன்று 13 பவுண், தபாற்செலவு 3 பவுண். ஆறுக்கும் 96. எல்லாமாக 103 பவுண். பத்துப் புத்தகத்தின் அட்டை விலை தலா 17 என்றால் 170 பவுண். 67 பவுண் மிச்சம் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் அதே புத்தகங்கள் கழிவு விலையில் தலா 11 பவுணுக்குக் கிடைக்குமானால் 110. மிச்சம் வெறும் 7 பவுண். பத்தில் ஐந்துதான் உங்களுக்கு உண்மையில் தேவை என்றால் அந்த ஐந்தையும் 55 பவுணுக்கு வாங்கியிருக்கலாம். அப்போது கிளப்பில் சேர்ந்ததால் 48 பவுண் நட்டம்.

இரண்டாவது, விலாசம். எங்கள் குடும்பங்கள் அடிக்கடி வீடு மாறுபவை. தற்காலிக விடுதி, கவுன்சில் வீடு, உறவினர் வீட்டு அறை என்று மாறிக்கொண்டே இருப்போம். பழைய விலாசத்துக்கு அட்டை போகும், யாரும் பதில் போடமாட்டார்கள். புத்தகமும் போகும், விலைச்சீட்டும் போகும். கட்டாத கடன் கடன்பதிவில் ஏறினால் ஆறு வருடம் அங்கே இருக்கும். பின்னாளில் வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது ஒரு சமையற் புத்தகம் குறுக்கே நிற்கலாம்.

மூன்றாவது, பிள்ளையின் தலையில் விழும் பாரம். ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது பல வீடுகளில் பிள்ளையின் வேலை. வைத்தியரின் கடிதம், வங்கிக் கடிதம், சட்டத்தரணியின் கடிதம், அதோடு புக் கிளப் கடிதமும். பிள்ளைக்குச் சந்தோஷம் கொடுக்க வாங்கிய புத்தகம், பிள்ளையே கடன் கடிதம் வாசிக்கும்படி செய்துவிடக்கூடாது. என் மகன் அன்று அந்தச் சிவப்புக் கடிதத்தை வாசித்த முகத்தை நினைத்தால் காசு போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நான்காவது, தெரிவு அவர்களுடையது. அதில் தமிழ்ப் புத்தகம் வராது. எங்கள் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள் வரும் கதைகளும் அரிதாகவே வரும்.

இன்றைய பெட்டிகள்

இன்று அட்டையும் இல்லை, காசோலையும் இல்லை. வங்கி அட்டை இலக்கத்தை ஒருமுறை கொடுத்தால் மாதாமாதம் காசு தானாகப் போகும். "வேண்டாம்" என்று நீங்கள் சொல்லும்வரை போய்க்கொண்டே இருக்கும். வடிவம் மாறினாலும் விதி பழையதுதான். முன்பு புத்தகமாவது கண்ணில் பட்டது. இப்போது காசு போவதே கண்ணில் படாது. மாதம் 12 பவுண் என்றால் வருடத்துக்கு 144.

பிரித்தானியச் சட்டம் உங்களுக்குச் சில உரிமைகள் தருகிறது. இணையத்திலோ தபாலிலோ தொலைபேசியிலோ செய்த ஒப்பந்தத்தை, முதற் பொதி கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் இரத்துச் செய்யலாம். 2013ஆம் ஆண்டு விதிகள் இதைச் சொல்கின்றன. திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையதாக இருக்கலாம். இந்த உரிமை பற்றி நிறுவனம் உங்களுக்கு அறிவிக்கவே இல்லையென்றால் அந்தக் காலம் மேலும் 12 மாதம் வரை நீளும்.

நீங்கள் சேராத நிறுவனம் ஒன்று கேட்காமலே புத்தகம் அனுப்பினால் காசு கட்டத் தேவையில்லை. திருப்பி அனுப்பவும் தேவையில்லை. ஆனால் இதைப் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். நீங்கள் சேர்ந்த கிளப், நீங்கள் பதில் போடாததால் அனுப்பிய புத்தகம் "கேட்காத" புத்தகம் அல்ல. கையொப்பமிட்ட அன்றே அதற்குச் சம்மதித்துவிட்டீர்கள்.

டிரெக்ட் டெபிட்டையும் அட்டையிலிருந்து தொடர்ந்து போகும் கொடுப்பனவையும் நிறுத்தும்படி வங்கியிடம் நேரே சொல்லலாம். ஆனால் காசை நிறுத்துவது வேறு, ஒப்பந்தத்தை முடிப்பது வேறு. இரண்டையும் செய்யுங்கள். 2024இல் நிறைவேறிய நுகர்வோர் சட்டம் ஒன்று, சந்தா புதுப்பிக்கப்படுவதற்கு முன் நினைவூட்டலும் விலகுவதற்கு இலகுவான வழியும் தரவேண்டும் என்கிறது. அந்தப் பகுதி உடனே நடைமுறைக்கு வராமல் பின்னைய திகதிக்கு விடப்பட்டது. ஆகவே யாராவது நினைவூட்டுவார்கள் என்று காத்திராமல் நீங்களே கலண்டரில் குறித்து வையுங்கள்.

சேருவதற்கு முன் ஆறு கேள்விகள்

1. மொத்தம் எத்தனை புத்தகம், எவ்வளவு காலத்துக்குள் வாங்க வேண்டும்?
2. தபாற்செலவோடு ஒரு புத்தகம் என்ன விலை? அதே புத்தகம் கடையில் என்ன விலை?
3. நான் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும்?
4. வேண்டாம் என்று சொல்ல எத்தனை நாள் தருகிறார்கள்?
5. விலகுவது எப்படி? ஒரு மின்னஞ்சல் போதுமா?
6. வீட்டில் யார் இதைக் கவனிப்பது? அது பெரியவர் ஒருவராக இருக்கட்டும்.

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் சேர வேண்டாம். விலகும்போது பெயர், அங்கத்துவ இலக்கம், திகதி மூன்றையும் எழுதி, "இன்றிலிருந்து என் அங்கத்துவத்தை இரத்துச் செய்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். கடிதமாக அனுப்பினால் தபாற்கந்தோரில் அனுப்பியதற்கான அத்தாட்சித் துண்டு கேளுங்கள். அதற்குக் காசு எடுப்பதில்லை. பிரச்சினை வந்தால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

கட்டாயமில்லாத வழிகள்

கிளப்பின் நன்மைகளை வேறு வழியிலும் பெறலாம். கவுன்சில் நூலகங்களில் புத்தகம் இரவல் எடுக்கக் காசில்லை. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலகசேவை நடத்துவது கவுன்சில்களின் கடமை. தமிழர் கூடுதலாக வாழும் சில பகுதிகளில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. இல்லாவிட்டால் வாங்கி வைக்கும்படி கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் வாங்குவார்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, பாடகி டொலி பார்ட்டன் 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய 'இமாஜினேஷன் லைப்ரரி' மாதம் ஒரு புத்தகத்தைப் பிள்ளையின் பெயரில் தபாலில் இலவசமாக அனுப்புகிறது. 2007 முதல் பிரித்தானியாவிலும் உண்டு, ஆனால் சில பகுதிகளில் மட்டுமே. உங்கள் போஸ்ட்கோட்டைக் கொடுத்துப் பார்க்கலாம்.

தமிழ்ப் புத்தகத்துக்கு நாங்களே ஒரு வட்டம் அமைக்கலாம். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு புத்தகத்தைத் தனியாக எடுப்பித்தால் தபாற்செலவு புத்தக விலையையும் தாண்டிவிடும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து வருடத்தில் இரண்டு தடவை ஒரே பெட்டியாக எடுப்பித்தால் அந்தச் செலவு பங்காகிவிடும். ஒரு வீட்டில் வாசித்து முடித்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். சீட்டுப் போடத் தெரிந்த எங்களுக்கு இது கஷ்டமான காரியமல்ல.

முடிவாக என் கருத்து இதுதான். மாதாமாதம் கடிதத்தைத் திறந்து பார்த்து, தேவையில்லை என்றால் அன்றைக்கே "வேண்டாம்" என்று எழுதக்கூடிய ஒருவர் வீட்டில் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். வருடம் முழுவதற்குமான செலவையும் முதலில் கணக்குப் பாருங்கள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இந்தச் சனிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். இருவரும் ஆளுக்கொரு நூலக அட்டை எடுங்கள். அங்கே நீங்கள் பேசாமல் இருந்தால் எந்தப் புத்தகமும் உங்களைத் தேடி வராது. நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும்.